த.ஊ.வே. என்ற மூன்று எழுத்து

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரை அடுத்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் புள்ளிவிவர எழுத்தராக இருந்தேன். களப்பணியாளர்கள் கொண்டுவரும் குறிப்பேடுகளைப் படித்து, ஊசி போட்டுக்கொண்டவர் எத்தனை பேர், மறுத்தவர் எத்தனை பேர், பிறப்பு எத்தனை, இறப்பு எத்தனை என்று மாதந்தோறும் ஒரு படிவத்தை நிரப்பி மேலிடத்துக்கு அனுப்புவது என் பணி. அண்ணனூரில் தமையனார் குடும்பத்தோடு இருந்தேன். விடியலில் நீராடி ஒரு பதிகத்தையேனும் முழுமையாக ஓதாமல் ரயிலுக்குக் கிளம்பியதில்லை. பழைய உரைகளை வைத்துக்கொண்டு பாசுரங்களைப் பதம் பிரித்துப் பொருள் காண்பது எனக்குப் பொழுதுபோக்கு அன்று. அதுவே என் வழிபாடு. ஒரு சொல்லைப் பிழையாகப் பிரித்தால் துதி வசையாகிவிடும் என்பதை அறிந்தவள் என்ற கர்வமும் எனக்கு இருந்தது. அந்தக் கர்வத்தைப் பற்றியதே இந்தக் குறிப்பு.

அலுவலகப் பதிவேடுகளையெல்லாம் தமிழில் எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்கு முன் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போன களப்பணியாளர்கள், தமிழுக்கு மாறியபோது ஆளுக்கொரு சுருக்கத்தைத் தாமாகவே அமைத்துக்கொண்டார்கள். எங்கள் நிலையத்தின் அம்மை குத்துபவர், அதாவது பெரியம்மைத் தடுப்பு ஊசி போடுபவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். சைக்கிளின் பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருபது ஆண்டுகளாக அந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றியவர். அவருடைய குறிப்பேட்டில் வீட்டு எண்ணுக்கு எதிரே பெரும்பாலும் ஒரு சரிக்குறி இருக்கும், சில வீடுகளுக்கு எதிரே "த.ஊ.வே." என்று இருக்கும். தடுப்பு ஊசி வேண்டாம் என்றார்கள் என்பதே அதன் பொருள் என்று முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. யாரையும் கேட்கவில்லை. படிவத்திலும் ஊசிக்கு இரண்டே கட்டங்கள்: போட்டுக்கொண்டவர், மறுத்தவர். த.ஊ.வே. எல்லாம் இரண்டாவது கட்டத்துக்குப் போயின.

ஒரு வைகாசியில் சுற்றறிக்கை ஒன்று வந்தது. தடுப்பு ஊசிக்கு மறுப்பு மிகுந்துள்ள பகுதிகளில் நடந்துவரும் வாராந்தர தாய்சேய் மருத்துவத்தை நிறுத்தி, ஒத்துழைப்பு நல்கும் பகுதிகளுக்கு அதை மாற்றலாம் என்றும், அதற்கு முன் மறுப்பின் காரணங்களை ஆராய்ந்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. எங்கள் எல்லைக்குள் மறுப்பு மிகுந்த இடம் ஒன்றே ஒன்றுதான். மேனாம்பேட்டுக்கு அப்பால், வயலாக இருந்து மனையாகிக்கொண்டிருந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு. ஒரு தலைமுறைக்கு முன் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இப்போது தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். செவ்வாய்தோறும் அங்கே பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எங்கள் நர்ஸ் உட்கார்ந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பார்.

பிறப்புப் பதிவை ஒத்துப் பார்க்க நானும் சில செவ்வாய்களில் அங்கே போவதுண்டு. சுற்றறிக்கை வந்த வாரம் போனபோது செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, கணவர் ஆவடியில் வேலை பார்ப்பவர், என் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, நர்சம்மாவ ஆவடிக்கு இட்டுகினு போறாங்களாமே, மெய்யாலுமா?"

"இன்னும் முடிவாகலைம்மா."

"ஆபீசுல முடிவாகலைன்னு சொன்னா முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "போன தபா புள்ள குறுக்கால கெடந்தது ஒருத்தருக்கும் தெரியல. ரெண்டு நாளு வலியில துடிச்சப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்கோ. புள்ள இல்ல. இந்த தபா நர்சம்மா வாரா வாரம் வயித்தத் தொட்டுப் பாத்து சொல்றாங்க, அந்த தெகிரியத்துலதான் கீறேன். அவங்களையும் வுடமாட்டேன்றீங்களே."

எனக்கு இரக்கம் இருந்தது. ஆனால் அந்த இரக்கம் என் எண்களைத் தொடவில்லை. ஊசியை மறுப்பவர்களுக்கு மருத்துவம் மட்டும் வேண்டுமா என்றுதான் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் நினைத்தது அதுவே.

அறிக்கையை எழுதும் பொறுப்பை மருத்துவ அதிகாரி என்னிடம் கொடுத்தார். ஏழு நாள் உழைத்து ஏழு பக்கம் எழுதினேன். பாயிரம் போல ஒரு முன்னுரை, கல்வியின்மை, மூடநம்பிக்கை, அரசின் மீது அவநம்பிக்கை என்று காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் உவமை. நீண்ட வாக்கியங்களில் எதுகையும் மோனையும் தாமாக வந்து அமைந்தன. அந்தக் காரணங்களுள் ஒன்றைக்கூட நான் அந்தக் குடியிருப்பில் போய்க் கேட்டு அறியவில்லை. எல்லாம் என் மேசையிலேயே விளைந்தவை.

அதிகாரியின் அறையில் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். மாதக் குறிப்பேட்டைக் கொடுக்க வந்திருந்த அம்மை குத்துபவர் கதவருகே நின்றிருந்தார். மூன்றாம் பக்கத்தில் அதிகாரி கையை உயர்த்தினார்.

"தமிழ் ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இன்னும் நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்குத் தெரியலை."

அவருக்கு நான் விடை சொல்வதற்குள் கதவருகிலிருந்து குரல் வந்தது. "யம்மா, ஒரு டவுட்டு. 'அறியாமை இருளில் அமிழ்ந்து கிடப்போர்'னு ஒண்ணு படிச்சியே, அது யாரு?"

"அந்தக் குடியிருப்பு ஜனங்கதான்."

"நானே அங்கதாம்மா கீறேன்" என்றார் அவர். "எங்க அப்பன் ஊடு, மூணாவது சந்து. அமிழ்ந்துகினு கீறேனா, பாரு."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குக் காது மடல் எரிந்தது. அதை மறைக்க அவர் மீதே பழியைத் திருப்பினேன். "மறுத்தாங்கன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க? பக்கத்துக்குப் பக்கம் த.ஊ.வே.ன்னு."

"ஆமா, எழுதிக்கீறேன். தண்ணி ஊத்த வேணும்."

நான் அவர் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கித் திறந்து அந்த மூன்று எழுத்தை மறுபடி பார்த்தேன்.

இதை வாசிப்போரில் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த வகை அம்மையானாலும், ஒரு வீட்டில் கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். நோய் என்று அதைச் சொல்லமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அவள் இருக்கும் வீட்டில் தாளிப்பதில்லை, அந்நியர் நுழைவதில்லை, யார் உடம்பிலும் ஊசி படுவதில்லை. நாள் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தண்ணீர் ஊற்றி, மூன்றாம் தண்ணீரோடு அவளை வழியனுப்புவார்கள். அதன்பின் வீடு வழக்கத்துக்குத் திரும்பும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மையின் பெயரைச் சொல்ல நேர்ந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்பவள் நான். ஆனால் காகிதத்தில் அந்த மூன்று எழுத்தைக் கண்டபோது, பூசையறையில் எனக்குத் தெரிந்தது ஒன்றும் அலுவலக மேசைக்கு வந்து சேரவில்லை.

"அவங்க வேணாம்னு சொல்லலம்மா" என்று அம்மை குத்துபவர் இப்போது பொறுமையாக விளக்கினார். "ஆத்தா கீறா, தண்ணி ஊத்துனப்பால வாங்கன்றாங்கோ. நானும் அப்பால போய் குத்திட்டுத்தான் வர்றேன்."

"அப்பால குத்தினது எதுலயும் இல்லையே."

"அது வேற நோட்டு. இதுலதான் ஊட்டு நெம்பருக்கு ஒரு கோடுதான் கீதே, ஒரே ஊட்டுக்கு ரெண்டு தபா எங்க எழுதறது? நீ கேக்கவுமில்ல, நான் தரவுமில்ல."

அதிகாரி அப்போதுதான் மருத்துவருக்கு உரிய கேள்வியைக் கேட்டார். "அது பெரியம்மையா இருந்தா? தண்ணி ஊத்தற வரைக்கும் காத்திருந்தா தெருவே படுத்துடுமே."

"பெரிசா இருந்தா காத்திருப்பனா சார்? வாசப்படியில நின்னு புள்ளய வெளிச்சத்துக்குக் கொண்டாரச் சொல்லிப் பாத்துடுவேன். எல்லாம் சின்னம்மை, மணல்வாரி. பெரிசுன்னு ஒரு சந்தேகம் வந்தா அன்னிக்கே உங்க வாசல்ல வந்து நிப்பேன். ரெண்டு வருசம் முந்தி நின்னேனா இல்லியா?"

"நின்னே" என்றார் அதிகாரி. பிறகு என் ஏழு பக்கத்தையும் மேசை மீது கவிழ்த்து வைத்தார். "மறுபடி ஆரம்பிம்மா. பூந்தமல்லியில இதைப் பத்தி முடிவெடுக்கற கூட்டத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

ஆராய்ச்சி என்பதை நான் அந்த இரண்டு வாரத்தில்தான் கற்றேன். முதல் வேலையாக மறுத்தவர் என்று நான் அனுப்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதினேன். வீட்டு எண், ஊர், போன நாள். அம்மை குத்துபவரிடம் வாங்கிய இரண்டாவது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு ஊசி போடப்பட்டிருந்தால் அந்த நாளையும் சீட்டில் குறித்தேன். பெரும்பாலான சீட்டுகளில் இரண்டு தேதி இருந்தன. அந்த மட்டில் நிறைவடைந்திருப்பேன். ஆனால் ஒரு கேள்வி உறுத்தியது: அம்மை எல்லா ஊருக்கும்தான் வருகிறது, பிறகு ஏன் இந்த ஒரு குடியிருப்பில் மட்டும் இத்தனை த.ஊ.வே.?

சீட்டுகளை ஊர்வாரியாக அடுக்கியபோது விடை தெரியவில்லை. மாதவாரியாக அடுக்கியபோது தெரிந்தது. ஆண்டுதோறும் ஊசிச் சுற்று தை மாதத்தில் ஆவடிக் குடியிருப்புகளில் தொடங்கும். பட்டியலில் கடைசியாக இருந்த இந்தக் குடியிருப்புக்கு வந்து சேரும்போது பங்குனி பிறந்துவிடும். பங்குனியும் சித்திரையும் அம்மையின் மாதங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு வாசலில் வேப்பிலை ஏறினால் பத்து நாளில் அந்த வரிசை முழுதும் ஏறும். ஊசிக்காரர் வேப்பிலை இல்லாத மாதத்தில் ஆவடிக்குப் போனார். வேப்பிலை மிகுந்த மாதத்தில் இங்கே வந்தார். ஒத்துழைப்பு நல்கும் பகுதி, நல்காத பகுதி என்று நாங்கள் பிரித்துவைத்திருந்தது உண்மையில் தை மாதத்தையும் பங்குனி மாதத்தையும்தான்.

எல்லாச் சீட்டும் அப்படித் தீர்ந்துவிடவில்லை. சில வீடுகளுக்கு இரண்டாவது தேதி இல்லை; தண்ணீர் ஊற்றிய பின் போனபோதும் அவர்கள் போட்டுக்கொள்ளவில்லை. இம்முறை நானே போய்க் கேட்டேன். ஒரு வீட்டில் முந்தின ஆண்டு ஊசி போட்ட குழந்தைக்குக் கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது; அதன்பின் எங்கள் நிலையத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கண்ட பக்கத்து வீடுகளும் பின்வாங்கியிருந்தன. "குத்தறதுக்கு மட்டும் சைக்கிள் வருது, வீங்கினா பாக்கறதுக்கு வண்டி இல்லியா?" என்று அந்தத் தாய் கேட்டாள். மறுப்பு என்ற சொல் உண்மையாகவே பொருந்திய வீடுகள் அவைதாம். அங்கேயும் என் ஏழு பக்கத்தில் சொன்ன காரணம் எதுவும் இல்லை.

இனி எழுத வேண்டும். பழக்கம் விடாமல், முதலில் சுற்றறிக்கையின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருள் சொல்லி, படிவத்தின் வரலாற்றைச் சொல்லி, சீட்டுகளை அடுக்கிய முறையைச் சொல்லி, இறுதியில் முடிவுக்கு வந்தேன். முன்னதைவிட நல்ல அறிக்கை, உண்மையான அறிக்கை. ஆனால் இதுவும் ஆறு பக்கம். கூட்டத்தன்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்தில் போகும்போது அதிகாரி என்னிடம், "உனக்கு அஞ்சு நிமிஷம் தருவாங்க" என்றார்.

பேருந்தின் குலுக்கலில் அந்த ஆறு பக்கத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். உரையாசிரியர் பதவுரை சொல்லிப் பொழிப்புரைக்கு வரும்வரை நான் காத்திருக்கிறேன் என்றால், அந்தப் பாட்டின் மீது எனக்கு முன்பே பக்தி இருக்கிறது. என் அட்டவணையின் மீது அந்தக் கூட்டத்தில் யாருக்கு பக்தி இருக்கப்போகிறது? அவர்களுக்குப் பொழிப்பை முதலில் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்து, அப்படியா என்று ஒரு கேள்வி எழுந்தால், பதவுரையை அவர்களே கேட்பார்கள். ஒரு தாளின் பின்புறத்தில் பென்சிலால் நான்கு வாக்கியம் எழுதினேன். அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"'என் பிழையால்'னு ஏன் எழுதறே? 'பதிவேட்டில் ஏற்பட்ட முரண்பாட்டால்'னு போடு. உனக்கு நல்லது."

"அப்படிப் போட்டா, முரண்பாடு அம்மை குத்தறவராலன்னு நினைச்சுப்பாங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சொல்லை நான் அப்படியே விட்டேன்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த மூத்த அதிகாரி அதற்கு முன் பேசிய இருவரின் நீண்ட உரையால் களைத்திருந்தார். என் முறை வந்தபோது எழுந்து நின்று படித்தேன். "இந்தக் குடியிருப்பு தடுப்பு ஊசியை மறுக்கவில்லை. அம்மை கண்ட வீடுகள் பின்னர் வரச் சொன்னதை, என் பிழையால் மறுப்பு என்று எண்ணி அனுப்பினேன். அவ்வீடுகளில் பெரும்பாலானவை பின்னர் ஊசி போட்டுக்கொண்டன. ஆகவே அங்கு நடக்கும் செவ்வாய்க்கிழமை மருத்துவத்தை மாற்றக் காரணம் இல்லை." உட்கார்ந்துவிட்டேன். நிமிடம் ஒன்று ஆகியிருக்காது.

மூத்த அதிகாரி நிமிர்ந்தார். "என்ன, அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். கேட்டால் சொல்கிறேன்."

கேட்டார். பின்னர் போட்டதற்கு என்ன சான்று என்றார். இரண்டாவது நோட்டைக் கொடுத்தேன். இந்த ஊரில் மட்டும் ஏன் என்றார். தையையும் பங்குனியையும் சொன்னேன். "அப்போ ஒருத்தருமே மறுக்கலையா? எல்லாருமே தங்கமா?" என்று குத்தலாகக் கேட்டார். மறுத்த வீடுகளையும், வீங்கிய கையையும், யாரும் போய்ப் பார்க்காததையும் சொன்னேன். எங்கள் மருத்துவ அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறைத்திருந்தால் மற்றவற்றையும் மூத்த அதிகாரி நம்பியிருக்கமாட்டார் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

பத்து நாள் கழித்து ஆணை வந்தது. குடியிருப்பின் மருத்துவம் நிறுத்தப்படாது. ஆனால் ஆவடிப் பக்கமும் கேட்டிருப்பதாலும் நர்ஸ் ஒருவரே இருப்பதாலும், இனி அது ஒருவாரம் விட்டு ஒருவாரம் நடக்கும். அடுத்த ஆண்டு முதல் ஊசிச் சுற்று இந்தக் குடியிருப்பிலிருந்து தொடங்கும். படிவத்தில், பின்னர் வரச் சொன்னவர் என்று மூன்றாவது கட்டம் ஒன்று சேர்க்கப்படும். என்மீது எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றும் கோப்பில் ஏறியது. அது நியாயம்.

அந்தச் செவ்வாயன்று பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட அறிவிப்பு ஒன்றை எழுதிக்கொண்டு போனேன்: "தாய்சேய் மருத்துவம் இனி ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளில் நடைபெறும்." பசை தடவிக்கொண்டிருந்தபோது முன்பு என் வழியை மறித்த அந்தப் பெண், இப்போது எட்டாம் மாதம், இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஒண்ணுவுட்ட செவ்வாயா? ஒண்ணுவுட்ட அண்ணன் கேள்விப்பட்டுக்கீறேன், ஒண்ணுவுட்ட சித்தப்பா கீறாரு. செவ்வாக்கெயமைக்கு இன்னாம்மா பங்காளி?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தார்.

"ஒரு வாரம் வருவாங்க, அடுத்த வாரம் வரமாட்டாங்கன்னு அர்த்தம்" என்றேன்.

"அது சரி. நான் நடுவுல எங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வந்தா, இது வர்ற வாரமா வராத வாரமான்னு யாரக் கேக்கறது? ஒண்ணாஞ் செவ்வாய், மூணாஞ் செவ்வாய்னு போடேன். வெரலு வுட்டு எண்ணிக்குவேன்."

"தமிழ் மாசத்துலயா?"

"சம்பள மாசத்துல. ஊட்டுக்காரு சம்பளம் வாங்கற மாசம் எல்லாருக்கும் தெரியும்."

அறிவிப்பைச் சுவரிலிருந்து உரித்தேன். அதன் மறுபக்கத்தில், இங்கிலீஷ் மாதம் முதல் செவ்வாய், மூன்றாம் செவ்வாய் நர்ஸ் வருவார், மற்றச் செவ்வாய்களில் சுகாதார நிலையத்துக்கு வரவும் என்று கொட்டை எழுத்தில் எழுதி, சரிதானா என்று அவளிடம் காட்டிவிட்டு ஒட்டினேன்.

அவளுக்கு வலி கண்டது ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதற்கு முந்தின வாரம்தான் நர்ஸ் தொட்டுப் பார்த்து, இந்தக் குழந்தையும் குறுக்காகவே இருக்கிறது, வலி வந்தால் ஒரு நாழிகையும் காத்திருக்காதே என்று சொல்லியிருந்தார். நர்ஸம்மா இன்றைக்கு வருவார், பள்ளிக்கூடத்துக்கே போய்விடலாம் என்று மாமியார் சொன்னாராம். இவள் விரலை எண்ணிப் பார்த்துவிட்டு, இது இரண்டாம் செவ்வாய் என்று சொல்லி ரிக்‌ஷாவை அழைக்கச் சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்கு எங்கள் நிலையத்தின் வாசலில் வந்து இறங்கினாள். அதிகாரி பார்த்த உடனே எங்கள் ஜீப்பில் ஏற்றி எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்பினார். ஆவடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸும் கூடவே போனார். மாலையில் அவர் திரும்பி வந்து, ஆண் குழந்தை, இருவரும் நலம் என்று சொன்னபோது நான் மாதப் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.